"இன்னும் எத்தனை நாள்?": காத்திருக்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடலூரில் மஞ்சக்குப்பம், முதுநகர் பக்கமும் பாண்டியில் முத்தியால்பேட்டை பக்கமும் வீட்டு ஜெபக்கூட்டங்களுக்குப் போகிறவள் நான். ஜெபம் முடிந்து டீயும் பிஸ்கட்டும் வரும் நேரத்தில்தான், வேலைக்கோ கல்யாணத்துக்கோ குழந்தைக்கோ ஜெபித்துவிட்டுக் காத்திருக்கிறவர்களின் உண்மையான கேள்விகள் வரும், ஜெபக்குறிப்புச் சீட்டில் யாரும் எழுதிக் கொடுக்காத கேள்விகள். வீடு மாறினாலும் சந்தேகம் மாறுவதில்லை என்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேட்டவர்கள் பேச்சிலேயே கேள்விகளை விட்டிருக்கிறேன். யார் கேட்டது என்று தேட வேண்டாம், ஒவ்வொன்றையும் பலர் கேட்டிருக்கிறார்கள். நான் போதகர் இல்லை, அதனால் சொல்லியிருக்கும் வசனங்களை நீங்களே திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

"காத்திருங்க காத்திருங்கன்னு சொல்றீங்களே அக்கா, சும்மா உட்கார்ந்துட்டு இருக்கிறதா?"

இல்லை. வேதத்தில் காத்திருந்தவர்கள் யாரும் சும்மா இருந்த மாதிரி தெரியவில்லை. யோசேப்பை அண்ணன்மார் விற்றபோது அவனுக்கு 17 வயது, எகிப்து ராஜா பார்வோன் முன்னால் நின்றபோது 30. நடுவில் இருந்த 13 வருஷமும் வேலைதான்: முதலில் போத்திபார் வீட்டு நிர்வாகம், அப்புறம் சிறைச்சாலைப் பொறுப்பு. கூடச் சிறையில் இருந்த ராஜாவின் பானபாத்திரக்காரன் விடுதலையாகப் போகிறான் என்று தெரிந்ததும், வெளியே போனால் பார்வோனிடம் என்னைப் பற்றிச் சொல் என்று கூச்சப்படாமல் கேட்டான். அவன் மறந்துபோனான், அதில் இன்னும் 2 வருஷம் போனது, அது வேறு கதை. ஆனால் சிபாரிசு கேட்டதற்காக யோசேப்பை வேதம் எங்கேயும் குறை சொல்லவில்லை.

குரூப் 4 தேர்வுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுப் புத்தகத்தைத் திறக்காமல் முழங்காலில் மட்டும் நிற்கிற தம்பிகளுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

"31-ஆம் தேதி ராத்திரி ஆராதனையில எடுத்த வாக்குத்தத்தம் அந்த வருஷத்துக்குள்ள நடக்கணும்தானே? டிசம்பரே வந்துடுச்சு."

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்வி இல்லாத வருஷமே கிடையாது. பன்னிரண்டு மணிக்கு எல்லாரும் கைகொடுத்து முடித்ததும் வரிசையில் போய்த் தாம்பாளத்திலிருந்து வாக்குத்தத்த வசனம் அச்சடித்த ஒரு சின்ன அட்டை எடுப்போம், தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கும் ஒன்று எடுத்துக் கொடுப்போம், வெளியே டியூப்லைட் வெளிச்சத்தில் நின்று 'உனக்கு என்ன வந்துச்சு?' என்று ஒருவர் அட்டையை ஒருவர் வாங்கிப் படிப்போம். அப்புறம் அது வீட்டுக்குப் போய் பீரோ கதவில் ஒட்டிக்கொள்ளும். ஒரு வீட்டில் ஒன்றின் மேல் ஒன்றாக ஏழெட்டு வருஷத்து அட்டைகள், அடியில் இருக்கிறவை செல்லோ டேப்போடு சேர்ந்து மஞ்சளாகி, எழுத்தே தெரியாமல். அந்த வீட்டு அம்மா ஒன்றையும் கிழித்துப் போடவில்லை. எதற்காகக் காத்திருக்கிறார் என்று நான் கேட்கவும் இல்லை.

அட்டை எடுக்கிற பழக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன், வருஷத்தில் ஒரு வசனமாவது மனப்பாடமாகிறதே. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை என்கிற கெடு வசனத்தில் இல்லை, அதை நாம்தான் சேர்த்துக்கொள்கிறோம். அட்டை கையில் வந்த அன்றே அந்த அதிகாரம் முழுவதையும் படியுங்கள். யார் யாரிடம் சொன்னது, எந்த நிலைமையில் சொன்னது, எதைத் தருவதாகச் சொன்னது என்று பாருங்கள். பாதி ஏமாற்றம் அங்கேயே குறைந்துவிடும்.

"எனக்கு எரேமியா 29:11 வந்திருக்கு. நல்ல எதிர்காலம்னு போட்டிருக்கே, அப்புறம் ஏன் இப்படி?"

சமாதானத்துக்கு ஏதுவான நினைவுகளைப் பற்றிய அந்த வசனத்துக்கு நேர் மேலே 10-ஆம் வசனம் இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட ஜனங்களுக்கு எரேமியா எழுதின கடிதம் அது, பாபிலோனில் 70 வருஷம் முடிந்த பிறகு உங்களைத் திரும்ப அழைத்து வருவேன் என்று சொல்கிறது. அதாவது அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பப் போவதில்லை, பேரப்பிள்ளைகள்தான் போவார்கள். அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்கிற தீர்க்கதரிசி இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆலயத்தில் எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தான். ஜனங்களுக்கு யார் பேச்சு இனித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அனனியா சொன்னது பொய்யாய்ப் போனது.

அந்தக் கடிதத்தில் எனக்குப் பிடித்தது 5-ஆம் வசனம்: வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள் என்கிறது. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கரை கடந்தபோது பண்ருட்டி பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்த வசனம் நன்றாகப் புரியும். ஒட்டுக்கன்று வைத்தால்கூட முந்திரி காய்க்க மூன்று வருஷம் போல ஆகும், பலாவுக்கு அதைவிட அதிகம். தாத்தா வைத்த மரம் போன இடத்தில், தான் உட்கார்ந்து சாப்பிடுவோமா என்று தெரியாமலே குழி தோண்டினவர்கள் இருந்தார்கள். எரேமியா சொன்ன நம்பிக்கை அந்த மாதிரியானதுதான் என்று நினைக்கிறேன்.

"அப்போ தேவன் எனக்கு எதைத்தான் வாக்குக் கொடுத்திருக்கார்? ஒண்ணுமே இல்லையா?"

நிறையக் கொடுத்திருக்கிறார், ஆனால் நம்முடைய பட்டியலும் அவருடைய பட்டியலும் வேறு. உலகத்தின் முடிவு வரை சகல நாட்களிலும் உங்களுடனே இருக்கிறேன் என்றார் (மத்தேயு 28:20). விட்டு விலகுவதுமில்லை, கைவிடுவதுமில்லை என்றார் (எபிரெயர் 13:5). பாவத்தை அறிக்கையிட்டால் மன்னிப்பு நிச்சயம் (1 யோவான் 1:9). திரும்ப வந்து நம்மைச் சேர்த்துக்கொள்வார் (யோவான் 14:3). மரித்தவர்கள் எழுந்திருப்பார்கள், கண்ணீர் யாவும் துடைக்கப்படும் (வெளிப்படுத்தின விசேஷம் 21:4). இன்னொன்றும் சொன்னார், அதை யாரும் அட்டையில் போட மாட்டார்கள்: உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு (யோவான் 16:33).

அரசாங்க வேலை, இந்த வரன், இந்த மனை, வெளிநாட்டு விசா, ஆண் குழந்தை: இவற்றை உங்கள் பேருக்கு எழுதிக் கொடுத்த வசனம் ஒன்றும் இல்லை. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. கேட்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளை தகப்பனிடம் எதையும் கேட்கலாம், கேட்டதில் பலவற்றை அவர் தரவும் செய்கிறார், நானே வாங்கியிருக்கிறேன். கேட்டதெல்லாம் அவர் கொடுத்த வாக்கு ஆகிவிடாது என்பதுதான் விஷயம். இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டினால், விசா வராத அன்று 'அவர் என்னோடு இருக்கிறார்' என்பதும் சேர்ந்து பொய்யாகத் தெரியும். விசுவாசத்தை விட்டுப் போனவர்களில் எனக்குத் தெரிந்த பலர் வழுக்கி விழுந்தது இந்த இடத்தில்தான், அதில் அவர்கள் தப்பு கொஞ்சம், மேடையில் பேசினவர்கள் தப்பு அதிகம்.

"கர்த்தருக்கு ஒரு நாள் ஆயிரம் வருஷம் மாதிரின்னு சொல்றாங்க. எனக்கு 34 வயசு ஆகுது, அதுல எனக்கு என்ன பிரயோஜனம்?"

நியாயமான கோபம். 2 பேதுரு 3-ஆம் அதிகாரத்தில் அந்த வசனம் கல்யாணத்தைப் பற்றியோ வேலையைப் பற்றியோ சொல்லப்படவே இல்லை. 'வருவேன்னு சொன்னாரே, எங்கே?' என்று இரண்டாம் வருகையைக் கிண்டல் செய்தவர்களுக்கு எழுதின பதில் அது. இன்னும் பலர் மனந்திரும்ப இடம் கொடுத்து நீடிய பொறுமையாக இருக்கிறார் என்பதே காரணமாக அங்கே சொல்லப்படுகிறது. 34 வயதுப் பெண்ணின் வாயை அடைக்க அதை எடுத்து வீசுவது வசனத்துக்கும் நல்லதில்லை, அவளுக்கும் நல்லதில்லை.

உங்கள் தாமதத்துக்குக் காரணம் என்ன என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அனுமானம் சொல்கிறவர்களிடம் கொஞ்சம் தள்ளியே இருங்கள்.

"அழுதா, தேவனைக் கேள்வி கேட்டா விசுவாசக் குறைவா?"

சங்கீதம் 13-ஐத் திறங்கள். முதல் இரண்டு வசனத்துக்குள் நான்கு தடவை 'எதுவரைக்கும்' என்று கேட்கிறார் தாவீது. என்னை மறந்துவிட்டீரா என்றே கேட்கிறார். சங்கீதம் 88 இன்னும் ஒரு படி மேலே, கடைசி வரி வரை இருட்டுதான், ஒரு அல்லேலூயாகூட இல்லை. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் வனாந்தரத்தில் இஸ்ரவேல் ஜனங்கள் முறுமுறுத்தது ஏன் பாவமானது என்று உடனே கேட்பீர்கள். அவர்கள் கூடாரத்துக்குள் உட்கார்ந்து தேவனைப் பற்றிப் பேசினார்கள் (சங்கீதம் 106:25), தாவீது தேவனிடமே பேசினார். எனக்குத் தெரிந்த பெரிய வித்தியாசம் அதுதான். அழுகிறவர்களைச் சபையில் தப்பாக எண்ணுவதும் புதிதில்லை. குழந்தை இல்லாத அன்னாள் மனம் கசந்து அழுதபோது குடித்திருக்கிறாள் என்று நினைத்தது வேறு யாருமில்லை, ஆசாரியன் ஏலிதான். அவளுடைய கதையில் எல்லாரும் சாமுவேல் பிறந்ததைச் சொல்வார்கள். நான் 1 சாமுவேல் 1:18-இல் நிற்பேன்: அவள் எழுந்து போய்ச் சாப்பிட்டாள், அப்புறம் அவள் முகம் துக்கமாக இருக்கவில்லை. அப்போது குழந்தை இன்னும் கருவில்கூட இல்லை.

"நாமளே ஒரு வழி பார்த்தா ஆகார் கதை ஆயிடுமோ? டெஸ்ட் டியூப் குழந்தைக்குப் போகலாமா வேண்டாமா?"

தேவன் சந்ததி தருவதாகச் சொன்ன ஆபிரகாம் ஆரானை விட்டுப் புறப்பட்டபோது 75 வயது, அடிமைப் பெண் ஆகாரிடம் இஸ்மவேல் பிறந்தபோது 86, மனைவி சாராளிடம் ஈசாக்கு பிறந்தபோது 100. ஆகாரின் விஷயத்தில் நடந்த கேடு, ஆபிரகாமும் சாராளும் முயற்சி எடுத்தது அல்ல. ஓர் அடிமைப் பெண்ணைப் பிள்ளை பெறும் கருவியாக எடுத்துக்கொண்டு, அவள் கர்ப்பமானதும் அவளையே ஒடுக்கினார்கள். தேவதூதன் அவள் கண்ணீரைப் பார்க்காமல் போகவில்லை, ஆகாரைத் தேடித்தான் வனாந்தரத்துக்கு வந்தான். நாமே வழி பார்க்கும்போது கேட்க வேண்டியது இதுதான்: இதில் யாரையாவது மிதிக்கிறோமா, பொய் சொல்கிறோமா, ஏமாற்றுகிறோமா?

டாக்டரிடம் போவது அவிசுவாசம் இல்லை, ஜிப்மர் வரிசையில் வேதாகமத்தோடு உட்கார்ந்திருக்கும் எத்தனையோ பேரைக் கேட்டுப் பாருங்கள். செயற்கைக் கருத்தரிப்பைப் பற்றி மட்டும் சபைக்குச் சபை நிலைப்பாடு வேறு. கத்தோலிக்கத் திருச்சபை அதை ஏற்பதில்லை, மற்ற சபைகளில் ஏற்கிறவர்கள் உண்டு. மீதமாகும் கருக்களை என்ன செய்வார்கள் என்பதை முதலிலேயே டாக்டரிடம் கேளுங்கள், புருஷன் பெண்டாட்டி இருவரும் சேர்ந்து ஜெபியுங்கள், உங்கள் போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ பேசுங்கள். மாமியார் அவசரத்துக்காக மட்டும் போகாதீர்கள்.

"21 நாள் உபவாசம் இருந்தா சீக்கிரம் நடக்குமா?"

தேதியை முன்னால் இழுக்கும் கருவி இல்லை உபவாசம். அதிக வார்த்தைகளால் கேட்கப்படும் என்று நினைக்காதீர்கள் என்று இயேசுவே சொன்னார் (மத்தேயு 6:7). உபவாசம் இருந்துகொண்டே வேலைக்காரர்களை ஒடுக்கினவர்களை ஏசாயா 58 கிழித்துத் தொங்கப்போடுகிறது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இருக்கவே வேண்டாம்.

"சாட்சி நேரம் வந்தாலே எழுந்து வெளிய போயிடலாம்னு இருக்கு. அவங்களுக்கு மட்டும் எல்லாம் நடக்குது."

போங்கள், தப்பில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். பொறாமை வருகிறது என்று ஒத்துக்கொள்வது, வராத மாதிரி கைதட்டுவதைவிட மேல். சாட்சி நேரத்தில் கிடைத்தவர்கள் மட்டும்தான் மைக் பிடிக்கிறார்கள். பத்து வருஷமாகக் கிடைக்காமல் இன்னும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறவருக்கும் ஒரு நாள் மைக் கொடுக்க வேண்டும் என்பது என் நீண்டநாள் ஆசை, எங்கள் சபையில் இன்னும் யாரும் கேட்கவில்லை.

"சொந்தக்காரங்க எல்லாம் இந்துக்கள். 'அங்க போனியே, உங்க சாமி என்ன செஞ்சாரு?'ன்னு கேட்கிறாங்க."

'உன் தேவன் எங்கே' என்ற அந்தக் கேள்வி சங்கீதம் 42-இலேயே இருக்கிறது, அதைக் கேட்க வேண்டிவந்தவருக்குக் கண்ணீரே உணவாக இருந்ததாம். வாதாடி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். 'சித்தி, நான் கேட்டது இன்னும் கிடைக்கல, ஆனா நான் அவரை விடல, அவரும் என்னை விடல' என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டைப் பரிமாறுங்கள். பொய்ச் சாட்சி மட்டும் சொல்லாதீர்கள், அவர்கள் நம்மைவிட நன்றாகக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

"ஒரு ஊழியர் பேர் சொல்லிக் கூப்பிட்டு 'ஆறு மாசத்துல நடக்கும்'னு தீர்க்கதரிசனம் சொன்னார். நடக்கல. என் விசுவாசம் குறைவுன்னு சொல்றாங்க."

இதில் வேதம் வளவளவென்று பேசவில்லை. கர்த்தரின் பெயரால் சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொன்னதில்லை, சொன்னவன் துணிகரத்தினால் சொன்னான், அவனுக்குப் பயப்பட வேண்டாம் (உபாகமம் 18:22). பழியைக் கேட்டவர் தலையில் போடச் சொல்லி அங்கே ஒரு வார்த்தைகூட இல்லை. தீர்க்கதரிசனத்தை அற்பமாக எண்ணாதீர்கள் என்ற பவுலே அடுத்த வரியில் எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கச் சொல்கிறார் (1 தெசலோனிக்கேயர் 5:20-21). மேலே சொன்ன அனனியாவையும் மறக்க வேண்டாம், குறுகின கெடு சொன்னவன் அவன்தான்.

அந்தத் தீர்க்கதரிசனத்துக்காகக் காணிக்கை கேட்டிருந்தால், இனி அந்தப் பக்கமே போக வேண்டியதில்லை.

"ஒரு கதவு அடைஞ்சா இன்னொரு கதவைத் திறப்பார்னு வேதத்துல இருக்குதானே?"

அந்த வாக்கியம் அப்படியே எங்கேயும் இல்லை. ஆனால் அப்படி நடந்திருக்கிறது: பவுல் ஆசியாவுக்கும் பித்தினியாவுக்கும் போகத் தடை வந்த பிறகுதான் மக்கெதோனியாவுக்குப் போனார் (அப்போஸ்தலர் 16). நம் கடலூரிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1740 முதல் இங்கே ஊழியம் செய்த கீர்நாந்தர் என்ற மிஷனரி, 1758-இல் பிரெஞ்சுக்காரர்கள் ஊரைப் பிடித்ததும் எல்லாவற்றையும் விட்டுக் கல்கத்தா போக வேண்டியதாயிற்று, அங்கே ஓர் ஆலயம் கட்டினார். இப்போது படிக்க அழகாக இருக்கிறது. கடலூரை விட்டுக் கிளம்பின அன்று அவருக்கு அது கதவு மாதிரி தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

"எவ்வளவு காலம் கேட்கிறது? எப்போ விட்டுடறது?"

இரண்டு விதமும் வேதத்தில் இருப்பதால்தான் இது கஷ்டமான கேள்வி. அநீதியுள்ள நியாயாதிபதியை விடாமல் நச்சரித்த விதவையைச் சோர்ந்துபோகாமல் ஜெபிப்பதற்கு உதாரணமாகக் காட்டினார் இயேசு (லூக்கா 18). அதே சமயம், மாம்சத்தில் இருந்த முள்ளை எடுத்துவிடும்படி பவுல் மூன்று தடவை கேட்டார், 'என் கிருபை உனக்குப்போதும்' என்று பதில் வந்தது, அதோடு நிறுத்திக்கொண்டார். தாவீது பிள்ளைக்காக ஏழு நாள் தரையில் கிடந்தார். பிள்ளை இறந்துபோனது என்று தெரிந்ததும் எழுந்து குளித்து, ஆலயத்துக்குப் போய்த் தொழுதுவிட்டு வந்து சாப்பாடு கேட்டார் (2 சாமுவேல் 12). வீட்டிலிருந்தவர்களுக்கே புரியவில்லை.

பதில் 'இல்லை' என்று தெளிவாகத் தெரிகிற வரைக்கும் கேட்கலாம். கேட்பதே உங்களை உருக்குலைக்கிறது, தூக்கம் போய்விட்டது என்றால் கொஞ்ச நாள் நீங்கள் ஓய்வெடுத்து, அந்த ஜெபத்தை உங்களுக்காகச் செய்யச் சொல்லி வேறு ஒருவரிடம் கொடுங்கள். மனச்சோர்வு மாதக்கணக்கில் நீடித்தால் மனநல டாக்டரைப் பாருங்கள், யோசேப்பு சிபாரிசு கேட்டது போலத்தான், உதவி கேட்பதில் குறை இல்லை.

"எல்லாரும் ஜெபிச்சோம், ஆனா அவர் செத்துப்போயிட்டார். இனி என்ன வாக்குத்தத்தம்?"

இதற்குச் சீக்கிரம் பதில் சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். தேவனாம்பட்டினத்திலிருந்து கிள்ளை வரை கடலூர் மாவட்டத்தில் மட்டும் சுனாமியில் 600-க்கும் அதிகமானவர்கள் போனார்கள். அதற்கு ஏன் என்று ஒருவரும் இதுவரை எனக்குத் திருப்தியாகச் சொன்னதில்லை, நானும் சொல்லப் போவதில்லை.

எபிரெயர் 11-இல் சிங்கத்தின் வாயை அடைத்தவர்களைச் சொன்ன கையோடு, வாளால் அறுப்புண்டவர்களையும் கல்லெறியுண்டவர்களையும் சொல்லி, எல்லாரும் விசுவாசத்தினாலே நற்சாட்சி பெற்றும் வாக்குத்தத்தத்தை அடையாமல் போனார்கள் என்று முடிகிறது (11:39). பிழைத்தவர்கள் விசுவாசம் அதிகம், இறந்தவர்கள் விசுவாசம் குறைவு என்று அங்கே பிரித்து எழுதவில்லை. நம்பிக்கை இல்லாத மற்றவர்களைப்போல் துக்கிக்காதிருங்கள் என்று தெசலோனிக்கேயருக்கு எழுதினபோதும் (1 தெசலோனிக்கேயர் 4:13) பவுல் துக்கத்தைத் தடுக்கவில்லை. லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தே இயேசு கல்லறைக்குப் போகும் வழியில் அழுதார். நாலாவது பதிலில் சொன்ன பட்டியலில் உயிர்த்தெழுதல் இருக்கிறது, அது சாவோடு முடிந்துபோகிற வாக்கு இல்லை. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள், இன்றைக்குப் பிடிக்க முடியவில்லை என்றால் உங்களுக்காக நாங்கள் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

"காத்திருக்கிறவங்க வீட்டுக்குப் போனா என்ன பேசுறதுன்னே தெரியல அக்கா."

யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாள் வாயைத் திறக்காமல் கூடவே தரையில் உட்கார்ந்திருந்தார்கள், அதுவரைக்கும் நன்றாகத்தான் செய்தார்கள். 'எல்லாம் நன்மைக்கே' என்று வாசலிலேயே ஆரம்பிக்காதீர்கள். உங்கள் சாட்சியை அங்கே சொல்லாதீர்கள். அடுத்த ஸ்கேன் என்றைக்கு, தேர்வு முடிவு என்றைக்கு என்று கேட்டுப் போனில் குறித்து வைத்து, அந்தத் தேதிக்கு முந்தின ராத்திரி ஒரு போன் போடுங்கள். முடிந்தால் ஆஸ்பத்திரி வரிசையில் கூட நில்லுங்கள், காலையிலேயே போக வேண்டும், இட்லி கட்டி எடுத்துக்கொண்டு போங்கள்.

குழந்தை இல்லாத வீட்டுக்கு வளைகாப்பு அழைப்பை எப்படிக் கொடுப்பது என்றும் பலர் கேட்கிறார்கள். மறைக்க வேண்டாம், அடுத்தவர் சொல்லித் தெரிந்தால் அது இன்னும் வலிக்கும். தனியாக, நேரில் போய்ச் சொல்லுங்கள், வருவதும் வராததும் உங்கள் விருப்பம் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். வரவில்லை என்றால் ஏன் வரவில்லை என்று அப்புறம் கேட்காதீர்கள்.